அழகர் மலைக்குத் திரும்பியதும் வைகையில் இறங்குது சல்லடைக் கூட்டம்!

தல்லாகுளம்:– எதிர்சேவை முடிந்து, தல்லாகுளம் பெருமாள் கோவிலில் ஆண்டாள் மாலை சூடி, தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார் அழகர். பிறகு வண்டியூர், தேனூர் மண்டபம், பூப்பல்லக்கு. எல்லாம் முடிந்து மலைக்குத் திரும்பிவிடுகிறார். பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரிக்கிறார்கள்.

அப்போதுதான் ஆற்றில் இன்னொரு கூட்டம் இறங்குகிறது. கையில் சல்லடை, இரும்புச் சட்டி, கயிற்றில் கட்டிய காந்தம்!

லட்சக்கணக்கான ஜனம் நெருக்கித் தள்ளிய இடம். காசு விழும். கம்மல் விழும். தாலிச் சங்கிலியே அறுந்து விழும். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. சல்லடைக்கும் வேலை இல்லை.

மேல்நாட்டில் கோடை முடிந்து கடற்கரை காலியானதும், மெட்டல் டிடெக்டரை மணலில் துழாவிக்கொண்டே நடக்கிறார்கள். 'கீ' என்று சத்தம் கேட்டால் தோண்டுகிறார்கள். நம்ம ஊரில் மெட்டல் டிடெக்டர் என்றால் மீனாட்சி அம்மன் கோவில் வாசலில் நிற்பதுதான்!

ஏமாளிக் காந்தம்

வைகையில் வேலை செய்வது காந்தம். 1992-ல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய்க் காசு அதில் 'டக்'கென்று ஒட்டும். பித்தளை நிற ஐந்து ரூபாய் ஒட்டாது. பத்து ரூபாயும் ஒட்டாது. தங்கம் ஒட்டவே ஒட்டாது. சின்னதைப் பிடித்துப் பெரியதைக் கோட்டை விடுகிற காந்தம்! அதனால்தான் சல்லடையும் வேண்டியிருக்கிறது.

அந்தச் சல்லடையில் வேறொன்றும் தங்கும். நகக்கண் அளவில், பச்சை பிடித்துத் தேய்ந்துபோன செம்புக் காசு. பார்த்தால் செல்லாக்காசு. ஆனால் ரோமாபுரிக் காசாக இருக்கலாம்!

1,500 வருஷம்

கதையல்ல. மதுரையில் வைகை மணலில் ரோமானியச் செம்புக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் கி.பி. 4, 5-ம் நூற்றாண்டுக் காசுகள். இவற்றை வைத்துத்தான், ரோமானியர் சிலர் மதுரையில் குடியே இருந்திருக்கலாம் என்று 1904-ல் எழுதினார் ராபர்ட் சுவெல் துரை. வைகை கடலில் சேருகிற பக்கம், ராமநாதபுரம் அழகன்குளத்திலும் தோண்டியபோது இதே மாதிரிக் காசுகள் வந்தன. கப்பலில் வந்த காசு ஆற்றோரமாக மதுரைக்கு வந்திருக்கிறது.

இதைப் பழைய பாத்திரக் கடைத் தராசில் போட்டால் என்ன கிடைக்கும்? செம்பு விலை. அந்தக் காலமானால் பேரீச்சம்பழம்! உருக்கினால் 1,500 வருஷமும் சேர்ந்து போச்சு.

முக்கால் பங்கு

"கொண்டுபோய்க் கொடுத்தா போலீஸ் கேஸாயிரும்" என்று பயப்பட வேண்டியதில்லை. 1878-ம் வருஷப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது சட்டம் போட்டிருக்கும் கணக்கு. பொருளை சர்க்காரே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் உண்டு. மறைத்தால்தான் வம்பு. பங்கும் போய், ஒரு வருஷம் வரை ஜெயில்!

நேற்று விழுந்த சங்கிலி புதையல் ஆகாது. அதற்குச் சொந்தக்காரி எங்கோ அழுதுகொண்டிருப்பாள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் சட்டம் ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவருக்கு யார் சொன்னது? ஆற்றங்கரையில் கடை போடாதே, குப்பை போடாதே என்று போர்டு வைக்கிறோம். "பழங்காசு கிடைத்தால் கொண்டு வாருங்கள், உங்களுக்கும் பங்கு உண்டு" என்று ஒரு போர்டு வைத்தால் என்ன? கோரிப்பாளையம் தாண்டினால் கலெக்டர் ஆபீஸ். பக்கத்திலேயே காந்தி மியூசிய வளாகத்தில் அரசு அருங்காட்சியகம். இரண்டும் ஆற்றிலிருந்து நடக்கிற தூரம்தான்.