ஸ்கைரிமில் மோட்கள் ஏன் மோதிக்கொள்கின்றன?

2011இல் பெதஸ்டா வெளியிட்ட ஸ்கைரிம் விளையாட்டில் ஒவ்வொரு வாளுக்கும் வீட்டுக்கும் ஊர்க்காரருக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் கோப்புகளான மோட்களில் பல இந்தப் பதிவுகளைத்தான் மாற்றுகின்றன. ஒரே பதிவை இரண்டு மோட்கள் தொட்டால் விளையாட்டு இரண்டையும் கலப்பதில்லை. மோட்கள் ஏறும் வரிசையில் கடைசியாக வந்ததையே முழுதாக எடுத்துக்கொள்கிறது. ஒரு மோட் வாளின் எடையைக் குறைக்கிறது, அடுத்தது விலையை மட்டும் கூட்டுகிறது என்றால், எடை பழைய அளவுக்கே திரும்பிவிடும். இரண்டாவது மோடின் பதிவில் பழைய எடையும் சேர்ந்தே இருப்பதுதான் காரணம். இரு மாற்றங்களையும் இணைக்கும் பேட்ச் ஒன்றைக் கடைசியில் ஏற்றினால் சிக்கல் தீரும்.

மோட்களை நிர்வகிக்க உதவும் மோட் ஆர்கனைசர் 2 போன்ற மென்பொருள் ஒவ்வொரு மோடையும் தனிக் கோப்புறையில் வைத்து, விளையாட்டு ஓடும்போது மட்டும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுபோல் காட்டும். மூலக் கோப்புகள் கெடுவதில்லை, நீக்குவதும் எளிது.

ஆனால் ஸ்கிரிப்ட், அதாவது விளையாட்டுக்குள் ஓடும் சிறு நிரல், உள்ள மோட்களில்தான் உண்மையான ஆபத்து. அவற்றின் நிலை சேமிப்புக் கோப்பிலேயே பதிந்துவிடுவதால், பாதியில் நீக்கினாலும் எச்சம் உள்ளே தங்கும். ஆகவே சேமிப்பை நகலெடுத்துவிட்டு, ஒவ்வொரு மோடாகச் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நீக்க நேர்ந்தால், அந்த மோடுக்கு முந்தைய சேமிப்பிலிருந்து தொடர்வதே பாதுகாப்பானது.