மோட்டார் போட்டாச்சா? ஒரு மிஸ்டு கால் போதும்!

இராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து அப்பா தோட்டத்துக்குக் கிளம்புவார். வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அடிக்கடி போன் செய்தால், 'மடை திருப்புற நேரத்துல எதுக்குத் தொந்தரவு?' என்று கோபப்படுவார். செய்யாவிட்டால் நமக்குப் பயம். பல விவசாயக் குடும்பங்களில் இதுதான் நிலைமை. இதற்குக் கைவசம் இருக்கும் எளிய வழி, மிஸ்டு கால்.

2003-ல் இன்கமிங் அழைப்புகள் இலவசமான பிறகு, காசை மிச்சம் பிடிக்க நம் மக்கள் பழகிக்கொண்ட வழக்கம் இது. 'பஸ் ஏறிட்டேன்', 'பால் வண்டி வந்தாச்சு' எல்லாம் ஒரே மணியில் முடிந்தது. இன்று ரீசார்ஜ் செய்தால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனாலும் இந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பேச வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். சேதி மட்டும் போய்ச் சேரும்.

முன்கூட்டியே பேசிவைத்தால்தான் பலன் உண்டு. மூன்று விஷயங்களை இன்றே முடிவு செய்யுங்கள்.

1. எப்போது மணி கொடுப்பது? மோட்டார் போட்டதும் ஒன்று, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று. மோட்டார் கொட்டகையில் சிக்னல் இல்லாவிட்டால், கிடைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

2. எவ்வளவு நேரம் பொறுப்பது? நடக்கும் தூரத்தையும் பாயும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள்.

3. மணி வராவிட்டால்? முதலில் நீங்கள் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரரை அழையுங்கள். டார்ச்சோடு இருவராகப் போங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பாம்புக்கடியிலும் மின்கசிவிலும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குச் சமம். மோட்டார் அருகே ஒருவர் விழுந்து கிடந்தால், மின்சாரத்தைத் துண்டிக்காமல் தொடாதீர்கள். பாம்பு கடித்திருந்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ, நடக்கவிடவோ கூடாது. உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மொபைல் ஸ்டார்ட்டர் பொருத்தியவர்கள் வீட்டிலிருந்தே மோட்டாரை ஓட்டலாம். ஆனால், மடை திருப்ப ஆள் போய்த்தான் ஆக வேண்டும். அதனால் அவர்களுக்கும் இந்த ஏற்பாடு தேவை.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'காலை வணக்கம்' படத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். 'நான் நல்லா இருக்கேன்' என்று அவர் கொடுக்கும் மணி அது. ஒருநாள் வராவிட்டால், அன்றைக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.