சப்வூபர் ஏன் கருகுகிறது?

பகுதிநேர வேலைக் காசில் பிள்ளைகள் வாங்கிக் காரில் பூட்டிய சப்வூபர் கருகினால், விற்ற கடைக்காரரைத் திட்டுகிறோம். அம்பிளிபயரின் ‘கெயின்’ திருகை நாம் பார்ப்பதில்லை. சத்தம் கூட்டும் குமிழ் என்று நினைத்து அதை முழுக்கத் திருப்பியிருப்பார்கள். ரேடியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு அம்பிளிபயரை இணங்க வைப்பதே அதன் வேலை. அளவு மீறினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். சராசரி மின்வலு ஏறும், சப்வூபரின் சுருள் சூடாகி எரியும்.

முதலில் கணக்கு. அம்பிளிபயர், சப்வூபர் இரண்டிலும் குறைந்த ஆர்எம்எஸ் வாற்றை எடுத்து, சப்வூபரின் ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். 400 வாற், 4 ஓம் என்றால் 40 வோல்ற். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘மக்ஸ்’ வாற், வரி கழிக்காத சம்பளம் மாதிரி. அதை நம்பிச் செலவழிக்க முடியாது.

பிறகு சப்வூபர் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்டை நிறுத்தி, கெயினை அடிமட்டத்தில் வைப்போம். ரேடியோவை முக்கால்வாசிச் சத்தத்தில் வைத்து 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஏசி வோல்ற்றில் வைத்த மல்டிமீற்றரை அம்பிளிபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்தபடி கெயினை மெல்லக் கூட்டலாம். 40 காட்டியதும் நிறுத்தி, அம்பிளிபயரை அணைத்துவிட்டு வயரைத் திரும்பப் பூட்டலாம்.

ரேடியோவை அந்த முக்கால்வாசிக்கு மேல் ஏற்றக்கூடாது. கெயின் திருகின்மேல் நாங்கள் டேப் ஒட்டிவிட்டோம்.