கூண்டு இல்லை, கம்பி இல்லை!
அரியலூர் பக்கம் ஒரு அதிசயக் காட்சி சாலை

சிங்கம் பார்க்க வேண்டும், புலி பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் அடம் பிடித்தால், பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் வண்டலூருக்குத்தான் பயணம் கட்ட வேண்டும். பெரம்பலூர் வழியாகப் போகும் திருச்சி-சென்னை நெடுஞ்சாலையிலேயே வண்டலூர் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. சென்னை நகரத்துக்குள் இருந்த அந்தக் காட்சி சாலை 1985-ம் ஆண்டில் அங்கே மாறியது. பரப்பு 1,480 ஏக்கருக்கு மேல்!

ஆனால் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, 1,120 ஏக்கரில் இன்னொரு காட்சி சாலை இருக்கிறது. அங்கே கூண்டு கிடையாது. இரும்புக் கம்பி கிடையாது. உள்ளே இருப்பவை யாவும் தாமாக வந்தவை. நினைத்த நாளில் கிளம்பிப் போய்விடும்.

அதுதான் கரைவெட்டி ஏரி.

அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் வட்டாரத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது இந்த ஏரி. 1999-ம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. இங்கே பதிவான பறவை இனங்கள் சுமார் 198. 2024-ம் ஆண்டு ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் கரைவெட்டியும் சேர்ந்தது. அதை "ராம்சர் பட்டியல்" என்கிறார்கள். ராம்சர் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஒரு ஊர். நீர்நிலைகளைக் காப்பதற்கான ஒப்பந்தத்தில் பல நாட்டினர் 1971-ல் கையெழுத்துப் போட்ட இடம் அது.

மிருகக்காட்சி சாலையில் புதிய விலங்கு வந்தால் செய்தி. குட்டி போட்டால் செய்தி. கூண்டைப் பெரிதாக்கினால் அதுவும் செய்தி. கரைவெட்டியிலும் இந்த மூன்று செய்திகளும் உண்டு.

இமயம் தாண்டி வரும் விருந்தாளி

முதலில் வரவு. மழைக்காலம் தொடங்கியதும் வடக்கே இருந்து கூட்டம் கூட்டமாக வாத்துகள் வருகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கிளுவை என்று பல ஜாதி.

இந்தக் கூட்டத்தின் ராஜா, வரித்தலை வாத்து. சாம்பல் நிற உடம்பு. வெள்ளைத் தலை. பின்தலையில் மை தீட்டியது போல இரண்டு கறுப்புக் கோடுகள். இவற்றின் சொந்த ஊர் எது தெரியுமா? மங்கோலியா, திபெத், லடாக்! மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

வழியில் நிற்பது இமயமலை. அதைத் தாண்டித்தான் வர வேண்டும். கழுகைப் போல இறக்கையை விரித்துக் காற்றில் மிதந்து வரும் வித்தை இவற்றுக்குத் தெரியாது. விடாமல் சிறகடித்தே மலை ஏற வேண்டும். உடம்பில் சிறு கருவி பொருத்தி ஆராய்ந்ததில், ஒரு வாத்து ஏறக்குறைய 24 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. அடேயப்பா! அந்த உயரத்தில் மனிதனுக்கு மூச்சு முட்டும். வரித்தலை வாத்தின் ரத்தத்துக்கோ, கொஞ்சக் காற்றில் இருந்தே வேண்டிய பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும் சக்தி இருக்கிறது.

எவரெஸ்ட் உச்சிக்கு மேலேயே பறந்து வரும் என்று சிலர் கதை சொல்வது உண்டு. கருவி சொல்லும் கணக்கு வேறு. வாத்து வீணாக உயரம் ஏறுவது இல்லை. பள்ளத்தாக்கும் கணவாயும் பார்த்துப் பார்த்துத்தான் வருகிறது. அதுதானே புத்திசாலித்தனம்?

கோடு இல்லாத தலை

அடுத்தது பிறப்பு.

வரித்தலை வாத்து நம் ஊரில் முட்டை இடுவது இல்லை. பிரசவம் எல்லாம் பிறந்த வீட்டில்தான். அங்கே குளிர்ந்த ஏரிகளின் நடுவில் உள்ள திட்டுகளில் முட்டை இடும். தாய் சுமார் ஒரு மாதம் அடை காக்கும். தந்தை காவல் நிற்கும். குஞ்சுகள் பறக்கப் பழகியதும் குடும்பத்தோடு தெற்கே புறப்பாடு.

கரைவெட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டத்தில் சில வாத்துகளுக்குத் தலையில் அந்த இரண்டு கோடுகள் இருக்காது. பின்தலை முழுதும் மங்கலாக இருக்கும். அவை அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள்! சில மாதக் குழந்தை இமயமலையைத் தாண்டி வந்திருக்கிறது. அப்பா, அம்மா பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும்.

சரி, இந்த மண்ணிலேயே பிறக்கும் குஞ்சுகள்?

அவையும் உண்டு. நம் பக்கத்து ஏரிகளில் முக்குளிப்பான் என்று ஒரு சிறு பறவை, பாசியையும் கோரையையும் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். திருடன் கண்ணுக்குத் தெரியாது. குஞ்சு பொரித்தால் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். குள்ளத்தாரா மரப்பொந்தில் முட்டை இடும். பொரித்த குஞ்சு பொந்தில் இருந்து தொப்பென்று குதித்துத்தான் தண்ணீருக்கு வரும்.

இலைக்கோழி வீட்டு வழக்கம் இன்னும் வேடிக்கை. தாய் முட்டை இட்டதோடு சரி. அடை காப்பதும் பிள்ளை வளர்ப்பதும் தந்தையின் வேலை. (நம் வீடுகளில் பெண்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல!)

தண்ணீர்ச் சுவர்

மூன்றாவதுதான் முக்கியமானது. கூண்டே இல்லாத இடத்தில் கூண்டைச் சீர்திருத்துவது எப்படி?

வண்டலூரில் புலியையும் மக்களையும் பிரிக்க அகழி இருக்கிறது. ஏரியில் வாழும் பறவைக்கும் அகழிதான் பாதுகாப்பு. கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் போன்றவை தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்ட ஆசைப்படுவது ஏன்? மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் நாய் வராது. நரி வராது. பூனை வராது. தண்ணீர்தான் மதில் சுவர்!

குஞ்சுக்கு இறக்கை முளைக்கும் முன்பே தண்ணீர் வற்றினால் என்ன ஆகும்? சுவர் இடிந்தது போலத்தான். நாயும் நரியும் நடந்தே மரத்தடிக்கு வந்துவிடும். மீனும் கிடைக்காது. பெரிய பறவைகள் கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் கதி?

கரைவெட்டிக்குத் தண்ணீர் காவிரியில் இருந்து வருகிறது. மேட்டூரில் திறந்துவிடும் நீர், புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்து சேர வேண்டும். கூடவே ஐப்பசி, கார்த்திகை மழை. இந்தத் தண்ணீரை நம்பித்தான் சுற்றிலும் உள்ள கிராமங்களில் நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை விளைகின்றன. மழை பொய்த்து, வாய்க்காலிலும் நீர் குறைந்த ஆண்டில், இருக்கிற தண்ணீர் பயிருக்கா, பறவைக்கா என்று கேள்வி எழுகிறது. பட்டம் வாங்கிய ஏரி ஆயிற்றே என்று வயலைக் காயப்போட முடியுமா? முடியாது. ராம்சர் ஒப்பந்தமும் அப்படிச் சொல்லவில்லை. நீர்நிலையைக் கெடுக்காமல் அறிவோடு பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறது. பாசனம் அதில் அடக்கம்.

விவசாயிக்குப் பறவை மேல் கோபம் வருவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. வரித்தலை வாத்து இரவில் வயலில் இறங்கி மேயும் பழக்கம் உள்ளது. கடன் வாங்கி நட்டவனுக்கு வயிறு எரியாதா? ஆனால் பறவையால் லாபமும் உண்டு. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர், வயலுக்கு உரம். வேடந்தாங்கல் மக்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று அவர்கள் கேட்டதன் பேரில், 1798-ம் ஆண்டிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் உத்தரவு போட்டார். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கிராமத்தில் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பது இல்லை. பிள்ளைகள் கூட அடம் பிடிப்பது இல்லையாம்!

ஏரியைச் சீர்திருத்துகிறோம் என்று இறங்கும்போதும் யோசனை வேண்டும். ஏரிக்குள் மண் திட்டு அமைத்துக் கருவேலம் நடுவது தமிழ்நாட்டுச் சரணாலயங்களில் வழக்கம். கூடு கட்டும் பறவைக்கு அது நல்லது. ஆனால் ஏரி முழுவதும் மரமாக நட்டுவிட்டால், வரித்தலை வாத்துக்கு மேய வெட்டவெளி ஏது? தூர் வார வேண்டியதுதான். அதற்காக ஏரியைக் கிணறு போல ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால், தலையைக் கவிழ்த்து இரை தேடும் ஊசிவால் வாத்துக்கும் கிளுவைக்கும் கழுத்து எட்டாது. அவற்றுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர்தான் வேண்டும். ஓரத்தில் மேடு, நடுவில் பள்ளம் என்று இருந்தால் எல்லாருக்கும் இடம் உண்டு. விளக்கு, படகு, ராட்டினம் எல்லாம் நமக்குத்தான் வேடிக்கை. பறவைக்கு அது தொல்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். விடியற்காலையில் போங்கள். வாத்துகள் இரவு மேய்ச்சல் முடிந்து ஏரிக்குத் திரும்பும் நேரம் அது. ரேடியோ வேண்டாம், கூச்சல் வேண்டாம். சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சிடும் சட்டையும் வேண்டாம்.

மாசி, பங்குனி வெயில் ஏறியதும் வரித்தலை வாத்துகள் வடக்கே திரும்பும். கோடு இல்லாத பிள்ளைகளும் கூடவே போகும். அடுத்த மழைக்காலத்தில் அவை திரும்பி வரும்போது, தலையில் இரண்டு கோடுகள் இருக்கும்.