சாமானைக் கொடுக்குமுன் முகத்தைப் பாருங்கள்!

துப்பாக்கிக் கடைக்கும் தோட்டப் பாட்டாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் செம்பனைக் கன்றைப் பிடுங்க வரும் காட்டுப்பன்றியைச் சுட, சிறுதோட்டக்காரர் ஒருவர் 'செனாப்பாங் பாத்தா' வாங்க நினைத்தாலும், முதலில் போலீசுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகுதான் கடைப் பக்கம் போகலாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆகவே நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைப் போலீஸ்காரர் இடுப்பிலும், பேங்கு வாசலில் நிற்கும் ஜாகாவின் கையிலும் பார்த்ததோடு சரி.

ஆனால் அமெரிக்காவில் அது கடைச் சரக்கு. அங்குள்ள சிற்றூர் ஒன்றில், துப்பாக்கி விற்ற ஒரு கடைக்காரர் ஒரு பாடம் கற்றார். அந்தப் பாடம் நம் தோட்டத்து ஒட்டுக்கடைக்கும், மருந்து ஸ்டோருக்கும், அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். அதனால்தான் இன்று அதை இங்கே எழுதுகிறோம்.

ஊர்க் கடையும் பெரிய கடையும்

அமெரிக்காவில் துப்பாக்கி விற்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். அடகுக் கடைகளையும் சேர்த்தால் அப்படி லைசென்ஸ் பெற்றவர்கள் 50,000 பேருக்கும் மேல். நாடு முழுவதும் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளும் விற்கின்றன. ஆனாலும் ஊருக்கு ஊர் முதலாளி தாமே கல்லாவில் உட்காரும் சின்னக் கடைகள்தான் அதிகம்.

வாங்குகிறவர்களுக்குச் சின்னக் கடை எப்படி இருக்கிறது? நம் பட்டணத்துச் சீனர் கடையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். தவுக்கேவுக்கு நம் அப்பாவைத் தெரியும், நம் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்றும் தெரியும். அங்கேயும் அதே கதைதான். மான் வேட்டைக்காலம் வந்தால் ஊர் ஆட்கள் கடையில் கூடுவார்கள். காப்பியைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கி மக்கர் செய்தால் பழுது பார்த்துத் தருவதும் பல சின்னக் கடைகளில் நடக்கும். புதிதாக வருகிறவரிடம், "இது உனக்கு ஒத்துவராது தம்பி, விலை குறைந்த இதுவே போதும்" என்று சொல்லும் நல்ல மனிதர்களும் உண்டு. புருஷன் செத்த பிறகு அவர் வைத்துவிட்டுப் போன துப்பாக்கிகளை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அம்மாவுக்கு நியாயமான விலை சொல்கிறவரும் உண்டு. அவள் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்கிறவரும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. பெரிய கடையைவிட விலை கூடுதல். கேட்ட சாமான் கைவசம் இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, புது ஆளுக்கு மரியாதை கிடைக்காததுதான். தெரியாத ஒன்றைக் கேட்டால் ஒரு நக்கல் சிரிப்பு. பெண்கள் தனியாகப் போனால், "வீட்டுக்காரர் வரவில்லையா?" என்று கேட்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கூட வந்த ஆணைப் பார்த்தே பேசுவார்கள். ஒருமுறை அப்படி அவமானப்பட்டவர் மறுமுறை அந்தப் படியை மிதிப்பாரா?

இண்டர்நெட்டில் மலிவாக வாங்குகிறவர்களும் ஊர்க் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். வேறு ஊர்க் கடையில் வாங்கிய துப்பாக்கி நேரே வீட்டுக்கு வராது. லைசென்ஸ் உள்ள உள்ளூர்க் கடைக்கு வந்து சேரும். அங்கே பாரம் எழுதி, கடைக்காரருக்குக் கூலியும் கொடுத்துவிட்டுத்தான் எடுத்துப் போகலாம்.

அந்தப் பாரத்தில் பெயர், விலாசம், தண்டனை பெற்ற குற்றம் உண்டா என்று பல கேள்விகள். பிறகு கடைக்காரர் எப்.பி.ஐ. நடத்தும் சோதனை முறையில் கேட்பார். 1998 நவம்பரில் தொடங்கிய ஏற்பாடு இது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். ஆள் மீது தடை இல்லை என்றால் பல மாநிலங்களில் அப்போதே காசைக் கொடுத்துப் பொருளை வாங்கிப் போகலாம்.

பாரம் சரி, சோதனை சரி, காசும் சரி. ஆனால் மனிதன் சரியாக இருக்கிறானா? அதைக் கேட்கப் பாரத்தில் இடமில்லை.

ஒரே வாரத்தில் மூன்று பேர்

நியூ ஹாம்ஷயர் அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள சின்ன மாநிலம். அங்கே ஹூக்செட் என்ற ஊரில் ரால்ப் டெமிக்கோ என்பவர் துப்பாக்கிக் கடை நடத்திவந்தார். 2009-ஆம் ஆண்டு, ஒரு வாரம்கூட முடிவதற்குள், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத மூன்று பேர் தனித்தனியாக அவர் கடைக்கு வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். சில மணி நேரத்துக்குள் மூவரும் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள்.

சேதி கடைக்காரருக்கு எட்டியது. "நான் சட்டப்படி விற்றேன், என் மேல் என்ன தப்பு?" என்று கையை உதறியிருக்கலாம். சட்டமும் அவர் பக்கம்தான். ஆனால் அவர் அப்படி விட்டுவிடவில்லை. இனி ஒருவர் அப்படி வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது, என்ன செய்வது என்று யோசித்தார்.

டார்ட்மத்தில் விபத்துத் தடுப்பு வேலை பார்த்த இலேன் பிராங்க் என்ற அம்மையாரும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் பார்பர் என்ற அம்மையாரும் இதில் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் துப்பாக்கி விற்கிறவர்கள், மறு பக்கம் பொதுச் சுகாதாரம் படித்தவர்கள். அமெரிக்காவில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம். "துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா" என்ற சண்டையை வெளியே வைத்துவிட்டு, "மனம் உடைந்த ஒருவன் கையில் அது அன்றைக்குப் போய்ச் சேரக்கூடாது" என்ற ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்.

கடைக்காரர் எதைக் கவனிப்பது?

கடைக்காரர்களுக்கென்று ஒரு குறிப்புத் தாள் அச்சிட்டார்கள். அதில் உள்ளவை பெரிய வைத்தியம் அல்ல. நாலு பேரோடு பழகியவருக்குப் புரியும் சங்கதிகள்தான்.

வருகிறவருக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. எப்படிப் பாதுகாப்பது, எப்படித் துடைப்பது என்று எதையும் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் வேலை போனது, மனைவி பிரிந்தது, கோர்ட் வழக்கு என்று ஏதோ வருகிறது. "ரொம்ப நாளைக்கு இது எனக்குத் தேவைப்படாது" என்பதுபோல் ஒரு வார்த்தை நழுவுகிறது. முகம் முகமாக இல்லை. இப்படி இருந்தால் அவசரப்படாதே, பேச்சுக் கொடு, எதற்கு வாங்குகிறாய் என்று கேள். மனம் ஒப்பவில்லையென்றால் விற்காதே என்றது அந்தத் தாள். சோதனையில் தேறியவருக்கும் 'இல்லை' என்று சொல்லக் கடைக்காரருக்கு உரிமை உண்டு.

வாங்க வருகிறவர்கள் பார்க்கும்படி உதவி போன் நம்பர் போட்ட சுவரொட்டிகளும் தயாராயின. துப்பாக்கிப் பாதுகாப்புக்குப் 'பத்துக் கட்டளைகள்' என்று அங்கே வழக்கத்தில் உண்டு. அதோடு பதினோராவது ஒன்றைச் சேர்த்தார்கள்: வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால், கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டைவிட்டு வேறு இடத்தில் வை.

இந்தத் தாள்களை மாநிலத்தின் ஊர்க் கடைகளுக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது, சுமார் பாதிக் கடைகளில் சுவரொட்டியோ தாளோ பார்வையில் இருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சட்டமும் இல்லை. வியாபாரிகள் தாமாகச் செய்தது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. 2016-இல் துப்பாக்கி வியாபாரிகளின் தேசியச் சங்கமே தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றோடு கை கோத்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கொலையுண்டவர்கள் அல்லர். தாமே முடித்துக்கொண்டவர்கள்.

தள்ளிப்போட்டால் உயிர் தங்கும்

"சாகணும்னு முடிவு பண்ணினவன யாரால தடுக்க முடியும்? இங்க இல்லேன்னா வேற எடம்!" இது நம் லயத்திலும் அடிக்கடி கேட்கும் பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவன்று.

அந்த எண்ணம் பல பேருக்கு அலைபோல் எழுந்து அலைபோல் அடங்குகிறது. அந்த நேரத்தில் கையில் எதுவும் சிக்காமல், பக்கத்தில் ஓர் ஆள் இருந்துவிட்டால், வேளை தப்பிவிடுகிறது. முயன்று பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் சொல்வது என்ன தெரியுமா? பத்தில் ஒன்பது பேர் பிறகு அந்த வழியில் சாகவில்லை. வேலைக்குப் போனார்கள், பிள்ளை வளர்த்தார்கள், பேரன் பேத்தி பார்த்தார்கள். ஆகவே, ஒரு நாள் தள்ளிப்போடுவது சின்ன விஷயமே அல்ல.

நமக்கு நெருக்கமான சாட்சி இலங்கையில் இருக்கிறது. அங்கே கிராமத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் பல உயிர்களைக் குடித்தது பூச்சிமருந்து. 1990-களில் மிகக் கொடிய மருந்துகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம், 2005-இல் பாதியாகிவிட்டது. மக்களின் கஷ்டம் பாதியாகிவிடவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த விஷம் குறைந்தது, அவ்வளவுதான். விளைச்சலும் அதனால் கெடவில்லை.

நம் வீட்டுக் கதை

இப்போது நம் பக்கம் வருவோம். நம் தோட்டங்களில் துப்பாக்கி இல்லை. புல்லு மருந்து இருந்தது, இருக்கிறது. மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள் எத்தனை ஆண்டு தோளில் தோம்பு சுமந்தார்கள்! அந்த மருந்து வீட்டுக்குள் வந்து எத்தனை குடும்பத்தை அழவைத்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு நம் அரசாங்கம் 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் அதைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை விதித்தது. நல்லதுதான். ஆனால் மற்ற மருந்துகள் ஸ்டோரில் இருக்கின்றன. வீட்டுக் கொல்லைக்கென்று மிச்சம் பிடித்துக்கொண்டு வருவதும் நிற்கவில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பத்தையும் கடனும் குடியும் விடவில்லை.

ஹூக்செட் கடைக்காரர் கற்ற பாடத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

கடை வைத்திருக்கும் அண்ணாச்சி! உங்கள் கடன் புத்தகத்தில் எங்கள் பெயரெல்லாம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் வீட்டில் சண்டை என்று உங்களுக்குத் தெரியாததா? என்றும் மருந்து வாங்காதவர், வேளை கெட்ட வேளையில், முகம் கறுத்து வந்து கேட்டால், "இப்ப இல்ல தம்பி, நாளைக்கு வா. உட்காரு, தேத்தண்ணி குடி" என்று சொல்லுங்கள். ஒரு டின் மருந்தின் லாபம் உங்களை வாழவைக்கப் போவதில்லை.

ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் மண்டோரே! சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். மிச்ச மருந்து யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

வீட்டில் இருப்போரே! ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன பயன்" என்று சொல்லத் தொடங்கினால், "சும்மா பயமுறுத்துறான்" என்று ஒதுக்காதீர்கள். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. பாரம்தான் இறங்குகிறது. விஷ மருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மூடி மறைத்த காலம் ஒன்று இருந்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி ஆஸ்பத்திரிக்குப் போக யாரும் தயங்க வேண்டியதில்லை. மனம் விட்டுப் பேச 'பிரெண்டர்ஸ்' சங்கத்தை 03-7627 2929 என்ற எண்ணில் இரவோ பகலோ அழைக்கலாம். சுகாதார அமைச்சின் 'ஹீல்' எண் 15555. இந்த இரண்டு எண்களையும் வெட்டிச் சாமி மேடைப் பக்கம் ஒட்டி வையுங்கள்.

துப்பாக்கி விற்கும் கடைக்காரரே காசை வாங்குமுன் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். தேத்தூளும் அரிசியும் விற்கும் நம்மால், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நம்மால், அது முடியாதா? முடியும். இன்று மாலை பால்மரக் காட்டிலிருந்தும் செம்பனைக் காட்டிலிருந்தும் திரும்பும்போது, பேச்சில்லாமல் தனியே நடந்து வருகிறவர் யாரென்று பாருங்கள். நாலு அடி அவரோடு சேர்ந்து நடங்கள்.