புலிப் படம் போட்ட தைலம்

வீட்டு அலமாரியையோ தலையணை அடியையோ கொஞ்சம் துழாவிப் பாருங்கள். ஆறு பட்டை வைத்த ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி கையில் அகப்படும். அதன் மேல் பாயும் புலி. பால்மரம் வெட்டிய கைகளுக்கும் செம்பனைக் குலை தூக்கிய தோள்களுக்கும் அதுதானே முதல் வைத்தியம்! புலிக் கொழுப்பில் செய்தது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. இல்லை ஐயா. கற்பூரம், மெந்தால், காயு பூத்தே எண்ணெய், கிராம்பு எண்ணெய், இவைதாம் உள்ளே இருப்பவை. புலி என்பது ஒரு மனிதரின் பெயர்.

ஹக்கா வைத்தியர் ஆவ் சூ கின், சீனாவிலிருந்து ரங்கூனுக்கு வந்து, 1870-களில் எங் ஆன் தோங் என்ற மருந்துக் கடை வைத்தார். நம்மவர்களும் பிழைக்கக் கப்பலேறிப் போன அதே ரங்கூன்தான். 1908-ல் அவர் கண்மூடியதும் கடை இளைய மகன் பூன் பார் கைக்கு வந்தது. தனியே சமாளிக்க முடியாமல் அண்ணன் பூன் ஹாவைத் துணைக்கு வரவழைத்துக்கொண்டார். ஹாவ் என்றால் புலி. பார் என்றால் சிறுத்தை.

பங்காளி என்றாலே நமக்கு வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். இந்தப் பங்காளிகளோ வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி கடையையும் மருந்தையும் கவனித்தார், அண்ணன் ஊர் ஊராக விற்றார். 1926-ல் சிங்கப்பூருக்கு வந்து நீல் ரோட்டில் தொழிற்சாலை போட்டார்கள். அண்ணனுடைய காரின் முகப்பில் ஒரு புலித் தலை; ஹாரன் அடித்தால் உறுமும். குறுக்கே வந்தவர்கள் பாடு எப்படியோ!

பிறருடைய பத்திரிகைகளுக்கு விளம்பரப் பணம் கொட்டுவானேன் என்று தோன்றிற்றோ என்னவோ, 1929-ல் சொந்தமாகவே சின் சியூ ஜிட் போ நாளிதழைத் தொடங்கினார். அதன் வழிவந்த சீன நாளிதழ் இன்றும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வெளிவருகிறது, வேறு உரிமையாளரின் கீழ்.

தமிழ்நாட்டு உறவினர் கொண்டுவரும் அமிர்தாஞ்சனத்தின் கதையும் இதே மாதிரிதான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அதைத் தொடங்கினார். அந்த வருமானத்தில் 1908-ல் 'ஆந்திர பத்திரிகா' பிறந்தது. தலைவலித் தைலம் இரண்டு மொழிகளுக்குப் பத்திரிகை தந்திருக்கிறது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத் தலைவலி வருவது வேறு விஷயம்.

எல்லாக் கூட்டாளிகளும் இப்படி நல்ல பெயர் எடுத்துவிடவில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கர்ட்டிஸ், பெர்க்கின்ஸ் என்ற இருவர் 1849-லிருந்து 'மிஸஸ் வின்ஸ்லோ' என்ற பெயரில் ஒரு சிரப் விற்றார்கள். பல் முளைக்கும் பிள்ளை அழாமல் தூங்கும் என்றது விளம்பரம். தூங்கத்தான் செய்தது. உள்ளே இருந்தது மார்பின், அதாவது அபினிலிருந்து எடுக்கும் மயக்கச் சரக்கு! தூங்கி எழாமலே போன பிள்ளைகள் உண்டு. 1906-ல் சட்டம் வந்த பிறகே லேபிளில் மார்பின் என்று எழுத வேண்டியதாயிற்று. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய நம் தாய்மார்களுக்கு, பிள்ளை தூங்கினால் போதும் என்ற தவிப்பு தெரியும். அந்தத் தவிப்பைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

புலித் தைலம் அந்த ரகமல்ல. ஆனால் அதிலும் கற்பூரம் இருக்கிறதே! சின்னப் பிள்ளை அதை எடுத்து விழுங்கினால் வலிப்பு வரலாம். சளிக்கு என்று கைக்குழந்தையின் மூக்கில் தடவுவது பல வீடுகளில் வழக்கம். இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவான மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் கடைசியில் 'டி' என்ற எழுத்து. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்து, எல்லா நோய்க்கும் ஒரே புட்டி என்று கூவுகிறவரைப் பார்த்தால், அந்த எண் எங்கே என்று கேளுங்கள்.