வீடு கட்டுமுன்: மண், வெயில், மழை

உதவித்தொகையின் முதல் தவணை கைக்கு வந்ததுமே அத்திவாரம் வெட்டிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். முகாமிலும் உறவினர் வீட்டிலும் கழித்த நாட்கள் அப்படிப்பட்டவை. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். மண்வெட்டி எடுக்குமுன் தீர்மானிக்க வேண்டியவை சில இருக்கின்றன. பிறகு அவற்றை மாற்ற முடியாது, மாற்றினாலும் பெருஞ்செலவு.

முதலாவது காணி. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. சரிவான இடத்தில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முறையை உங்கள் பிரதேச சபையில் கேட்கலாம். பழைய வீடு நின்ற இடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள்.

அடுத்தது வெயில். கட்டடங்களில் மின்சாரத்தை வீணாக்காமல் இருப்பதற்கு இலங்கையில் அரச விதிக்கோவை உண்டு. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலு அதிகாரசபையே இத்துறைக்குப் பொறுப்பு. அந்த விதிகள் பெரிய கட்டடங்களை நினைத்து எழுதப்பட்டவை, உங்கள் வீட்டை அவை கட்டுப்படுத்தாது. அதற்காக அவற்றின் பயன் நமக்கில்லை என்றில்லை. களுகங்கைத் திட்டத்தால் பழைய ஊரை இழந்தவர்களுக்காக லக்கலையில் கட்டப்பட்ட புதிய நகரம் 2018 இல் 'பசுமை நகரம்' என்ற பெயரோடுதான் திறக்கப்பட்டது. தம்புள்ளைக்கு அருகே ஜெப்ரி பாவா வடிவமைத்த கந்தளம ஹோட்டலில், காற்று தாராளமாகப் புகும் திறந்த நடைகூடங்களைக் காணலாம். அந்த யோசனைக்குப் பணக்காரராக இருக்கத் தேவையில்லை.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளில் முன்கதவு மட்டும்தான், வந்த காற்று வெளியேற வழி கிடையாது. புதிய வீட்டில் அந்தத் தவறு வேண்டாம். ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிராக இரண்டு திறப்புகள் வையுங்கள். காணி இடம் கொடுத்தால் நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களைத்தான் சுடும், அவை குட்டையாக இருப்பது நல்லது. கூரையைச் சுவருக்கு வெளியே இரண்டரை அடியாவது நீட்டுங்கள், மழையும் சுவரில் அடிக்காது. தகரக் கூரை மலிவுதான், ஆனால் பகலில் அடுப்பு. தகரமே போடுவதென்றால் கீழே சீலிங் ஒன்றும், சூடு வெளியேற முகட்டருகே துவாரங்களும் அவசியம். விறகடுப்பு வைப்பவர்கள் புகைபோக்கியை மறக்காதீர்கள். பிள்ளைகள் அந்தப் புகைக்குள் இருந்துதான் படிக்கிறார்கள்.

மழைநீரைப் பற்றி 2005 இலேயே தேசிய கொள்கை வந்தது. கணக்கு எளிது: ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 500 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 46 சதுர மீற்றர். அதில் 10 மில்லிமீற்றர் பெய்தால் 460 லீற்றர், சிந்துவதும் காய்வதும் போக 370 லீற்றராவது தொட்டிக்கு வரும். நாளுக்கு 100 லீற்றர் வீதம் செலவழித்தாலும் 5,000 லீற்றர் தொட்டி 50 நாட்களுக்குப் போதும். மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரை வெளியே விடுங்கள், கூரைத் தூசி அதில்தான் இருக்கும். தொட்டியை நுளம்பு புகாமல் மூடி வையுங்கள். குடிப்பதற்கு எடுத்தால் கொதிக்க வையுங்கள்.

சூரிய மின்தகடு பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடன் பட்டு அதை முதலில் போடவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பின்னர் போட விரும்பினால் தாங்கக்கூடியதாக, தெற்குப் பக்கக் கூரை மரங்களை இப்போதே பலமாக வையுங்கள். மின்சாரச் செலவைக் குறைக்க உடனே செய்யக்கூடியது மின்குமிழை மாற்றுவதுதான். பழைய 60 வோட் குமிழின் வெளிச்சத்தை 9 வோட் எல்.ஈ.டி. தரும்.

யன்னல்கள் எங்கே, தொட்டி எங்கே என்பதை ஒரு தாளில் கீறி, அத்திவாரக் கயிறு கட்டும் நாளில் மேசன் பாசிடம் கொடுங்கள்.